பட்டம் பெற்றோர் செய்தி

(நம் சங்கத்தின் பட்டதாரிகள் பாராட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு கல்லூரியில் உடன்பயின்று ஓராண்டில் பட்டம் பெற்றோர் பின்னாளில் ஒன்றுகூடுங்கால் முதற்கண் எழும் வினா, 'இப்பொழுது என்ன வேலையில் இருக்கிறாய்?' என்பதே. நம் திங்களிதழுக்கு வரும் செய்திகளும் பெரும்பாலும் அவ்வினாவிற்கு விடையாகவே அமைகின்றன. நம் பிள்ளைகள் உயர்நிலை எய்தக் கண்டு மகிழாதார் யாவர்? ஆயினும், ஒருவர் கற்ற கல்வியின் வரலாறு இவ்வளவில் முற்றுப்பெறுமோ என்பதே நாம் இன்று ஆராயப் புகுந்த பொருள்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அது முதன்முதலாக நடத்திய பி.ஏ. தேர்வில் தேறியோர் இருவர். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றோர். மூத்தவராகிய விசுவநாத பிள்ளை அங்கே கணிதம் கற்பித்தவர். வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் இயற்றியவர். அவர்கள் பயின்ற அக்கலாசாலையோ 1855-லேயே மூடப்பட்டது. கதவு அடைபட்ட பின்னரும் அதன் பெயர் இன்றளவும் வழங்குதற்குக் காரணம் அங்குப் பயின்றோர் செய்த பணியேயாம்.

தாமோதரம் பிள்ளையவர்களைப் பற்றி உடன்பயின்றோர் செய்தி வெளியிட்டிருப்பின் அஃது எவ்வாறு இருந்திருக்கும்? தினவர்த்தமானிப் பத்திரிகையின் ஆசிரியரானார், கும்பகோணத்தில் வழக்கறிஞரானார், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியானார், 1895-இல் இராவ்பகதூர்ப் பட்டம் பெற்றார் என்று நான்கு வரிகளில் முடிந்திருக்கும். அந்நான்கு வரிகளை இன்று நினைப்பார் சிலரே.

அவ்வரிகளுள் அடங்காத பணி ஒன்று உண்டு. பனையோலைச் சுவடிகள் செல்லரித்தும் ஒடிந்தும் மறைந்துகொண்டிருந்த காலத்தில், ஊரூராகத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, அவர் அச்சேற்றினார். 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது. 1881-இல் வீரசோழியமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887-இல் கலித்தொகையும், 1889-இல் சூளாமணியும் தொடர்ந்தன. 1901-ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் மறைந்தார், நூல்கள் மறைந்தில. அவர் எக்குலத்தவர் என ஆராய்தல் நமக்கு வேண்டுவதன்று. தமிழ் கற்பார் அனைவர்க்கும் அவர் உறவினரே.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. மேற்கூறிய சேனாவரையர் உரையைப் பரிசோதித்து உதவியவர் ஆறுமுக நாவலர். நாவலர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். பட்டம் பெற்றவர் பெறாதவரை நாடிச் சென்றார். பெறாதவரும் மனமுவந்து உதவினார். இருவர்தம் கூட்டுறவால் தமிழுக்கு நலம் விளைந்தது.

அன்பர்களே! பழைய மாணவர் கூட்டங்களுக்கு வாராதிருப்போர் யாவர் எனச் சற்றே எண்ணிப் பாருங்கள். வேலை கிடையாதவரும், குறைந்த ஊதியம் பெறுவோரும், மணத்திற்குப் பின் படிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பெண்மக்களுமே அவர்கள். 'என்ன வேலை?' என்னும் ஒரு வினாவுக்கு அஞ்சியே அவர்கள் ஒதுங்குகின்றனர். பதவியை மட்டுமே செய்தியெனக் கொள்வோமாயின், நம் மக்களுள் ஒரு பகுதியாரை நாமே விலக்கியவராவோம்.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இனி நம் இதழில் வரும் பட்டதாரிகள் செய்தியில் வேறொரு வினாவும் இடம்பெறுக: 'கற்றதை எவர்க்கு ஈந்தீர்?' அண்டை வீட்டுச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும், எழுத்தறியா முதியோர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரும், தம் ஊர்க் கல்வெட்டைப் படியெடுத்து வைத்தவரும் இதற்குத் தலைநிமிர்ந்து விடையளிப்பர். இதற்குப் பதவி வேண்டா, ஊதியமும் வேண்டா.

இளைஞர்களே! நங்கையரே! உங்கள் உடன்பயின்றோருள் கூட்டத்திற்கு வாராதவர் எவரோ, அவர்க்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் வேலையைப் பற்றி ஒன்றும் வினவாதீர்கள். அவர் அனுப்பும் செய்தி நம் இதழின் முதற்பக்கத்தை அணிசெய்வதாக.