அழிக்கப்பட்ட ஓர் எண்

விஞ்ஞானம் என்றதும் கண்ணாடிக் குடுவைகளும் விலையுயர்ந்த கருவிகளுமே நம்மிற் பலருடைய நினைவுக்கு வருகின்றன. அவை இல்லாத பள்ளியில் விஞ்ஞானம் புகட்டுவது எங்ஙனம் என்று ஆசிரியர்களே கேட்பதுண்டு. நானும் அவ்வாறு கேட்டவன்தான். எனக்கு அதற்கு விடை கிடைத்தது ஒரு பனியன் துணித் துண்டிலே. அந்த அனுபவத்தையே நேயர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

திருப்பூரை அடுத்திருந்து, இன்று அம்மாநகராட்சியிலேயே அடங்கிவிட்ட நல்லூரில் நான் நடுநிலை வகுப்புகளுக்கு ஆசிரியனாக இருந்தேன். என் மாணவர்களிற் பெரும்பாலோர் பின்னலாடைத் தொழிலாளரின் மக்கள். துணி வெட்டுவதும், தைப்பதும், பிசிறு நீக்குவதும் அவர்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. ஒரு நாள், “புதுப் பனியன் துவைத்ததும் ஏன் சுருங்குகிறது?” என்று கேட்டேன். “வெந்நீரில் போடுவதால், சார்” என்று வகுப்பே ஒரே குரலில் விடையிறுத்தது.

“அப்படியாயின் பார்த்துவிடுவோம்” என்றேன். கம்பெனியில் வெட்டிக் கழித்த துண்டு ஒன்றை ஒரு பையன் கொண்டுவந்தான். அதன்மேல் 20 செண்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, சோப்பும் வெந்நீரும் இட்டுக் கசக்கிப் பிழிந்து உலர்த்தினோம். மறுநாள் கோடு குறைந்திருந்தது. “கண்டீர்களா!” என்று நான் பாடத்தை முடிக்கப் போகும் தறுவாயில், பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, “பச்சைத் தண்ணீரில் போட்டிருந்தால் சுருங்கியிராதா, சார்?” என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. அது மட்டுமன்று, சோப்பு, கசக்கல், பிழிதல், வெப்பம் ஆகிய நான்கையும் ஒருங்கே சேர்த்துவிட்டுப் பழியை வெப்பத்தின் தலையில் மட்டும் சுமத்தியிருந்தேன் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

ஆகவே மீண்டும் தொடங்கினோம். ஒரே துணியிலிருந்து மூன்று துண்டுகள். ஒன்றை நனைக்காமலே வைத்தோம். ஒன்றைப் பச்சைத் தண்ணீரிலும், மற்றொன்றை வெந்நீரிலும் ஊறவைத்தோம். ஊறும் நேரம் ஒன்றே. சோப்பு இல்லை, பிழிதல் இல்லை. நிழலில் பரப்பி உலர்த்தினோம். ஒரு காரணத்தை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாறாமல் வைத்துப் பார்ப்பது என்னும் பெரிய நெறி, பெயர் சொல்லாமலே பிள்ளைகளுக்குப் புலனாயிற்று. நனையாத துண்டு எதற்கு என்று கேட்டவர்களுக்கு, அதுவும் குறைந்திருந்தால் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியுமா என்று மற்றவர்களே விடை கூறினார்கள்.

பச்சைத் தண்ணீரில் கிடந்த துண்டும் சுருங்கியிருந்தது. வெந்நீரில் இட்டது சற்று அதிகமாகச் சுருங்கியிருந்தது. வகுப்பின் நம்பிக்கையிற் பாதி உண்மை, பாதி பிழை. பின்னும் இயந்திரத்திலும், பின்னர் நடக்கும் வேலைகளிலும் துணி நீளவாக்கில் இழுபடுகிறது. அதன் கண்ணிகள் நீண்டு நிற்கின்றன. நீர் பட்டதும் அவை தளர்ந்து, இயல்பான உருவுக்குத் திரும்புகின்றன. அதுவே சுருக்கத்தின் பெரும்பங்கு.

இனி, நான் இன்றளவும் மறவாத செய்தியைச் சொல்ல வேண்டும். அகலத்தையும் அளந்து எழுதுமாறு சொல்லியிருந்தேன். அகலமும் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். அதை வாய்விட்டும் சொல்லியிருந்தேன். ஏடுகளைத் திருத்துகையில் ஒரு சிறுமியின் ஏட்டில் 19.7 என்று இருந்தது. அதன் கீழே, ரப்பரால் அழிக்கப்பட்ட வேறோர் எண் மங்கலாகத் தெரிந்தது: 20.3. காரணம் கேட்டேன். “குறையும் என்று நீங்கள் சொன்னீர்கள், சார்” என்றாள்.

துண்டை எடுத்து நானே அளந்தேன். 20.3 தான். நீளத்தில் தளர்ந்த கண்ணிகள் அகலத்தில் விரிந்திருந்தன. வகுப்பு முழுவதையும் மறுபடி அளக்கச் செய்தேன். அழித்து எழுதியவள் அவள் ஒருத்தி அல்லள் என்பது தெரியவந்தது. அத்தனை கண்கள் கண்ட உண்மையை என் ஒரு சொல் அழித்துவிட்டது! கரும்பலகையில் என் பிழையை எழுதி, அதன் கீழே அவர்கள் கண்ட எண்ணை எழுதினேன்.

சர் சி. வி. ராமன் 1921ஆம் ஆண்டில் கப்பலேறி இங்கிலாந்திலிருந்து திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். அது வானத்தின் நிழலே என்பது ராலே பிரபுவின் கருத்து. அப்பெரும் பெயருக்கு அஞ்சி ராமன் தம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கையடக்கமான நிக்கோல் பட்டகம் ஒன்றினால், நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை. அது நீரே ஒளியைச் சிதறச் செய்வதால் வருவது என்று கண்டார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சிதான் 1928இல் ராமன் விளைவாக மலர்ந்தது.

பள்ளிகளிலும் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கிற்று. பிள்ளைகள் சோதனை செய்து, தாம் கண்டதைத் தம் சொல்லிலேயே எழுதினார்கள். பாடநூல் விடையைச் சொல்லித் தரவில்லை. தேர்வுக்கும் புத்தகத்தை எடுத்துச் செல்லலாம். பின்னர் மாவட்டம் முழுவதும் பரவிய அத்திட்டம் 2002இல் நிறுத்தப்பட்டது. எனினும், எளிய பொருள்களைக் கொண்டு கிராமப் பள்ளியிலும் விஞ்ஞான முறையைக் கற்பிக்கலாம் என்பதை அது மெய்ப்பித்தது.

நேயர்களே! ஓர் அளவுகோலும் ஒரு துணித் துண்டும் போதும். ஆனால் அவற்றைவிட அரிய பொருள் ஒன்று வேண்டும்: ஆசிரியர் சொன்னதற்கு மாறாக இருந்தாலும், கண்டதைக் கண்டபடி எழுதும் துணிவு. அத்துணிவு பிள்ளைகளிடம் இயல்பாகவே இருக்கிறது. அதை அழிக்கும் ரப்பர் நம் கையில் இல்லாமல் பார்த்துக்கொள்வதே பெரியவர்களாகிய நம்முடைய கடமை.