அவமௌதரியமும் அடங்காத வயிறும்

(தசலட்சண விழாவின் ஏழாம் நாளாகிய உத்தம தவ நாளன்று ஆற்றிய உரை)



தவத்தைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் இவர் வயிற்றைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் எண்ணக்கூடும். புறத்தவம் ஆறனுள் முதல் நான்கும் உணவைச் சார்ந்தவையே என்பதை நினைவூட்டித் தொடங்குகிறேன்.

என் நாற்பதாம் வயதளவில் அத்தொல்லை தோன்றியது. காலையில் மூன்று நான்கு முறை வயிறு கழியும்; சில நாள் முற்றிலும் கட்டிக்கொள்ளும். உண்டவுடன் இரைச்சல், உப்புசம். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அடிவயிறு முறுக்கும். மாணவர் முன் வியர்த்து நிற்பேன். பேருந்துப் பயணம் என்றால் முதல் நாளே உணவை நிறுத்திவிடுவேன். சோதனைகளில் பழுது ஒன்றும் காணப்படவில்லை. 'ஐ.பி.எஸ்.' என்று மருத்துவர் பெயர் சொன்னார். குடலின் அமைப்பில் கேடில்லை. அதன் இயக்கத்திலும், குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பிலுமே கோளாறு என்று விளக்கினார்.

பின்னர் நான் நாடிய ஆயுர்வேத வைத்தியர் இதனைக் கிரகணியின் வழியில் நோக்கினார். கிரகணி என்பது செரிமானத் தீயாகிய அக்கினியின் இருப்பிடம். அக்கினி நிலைகுலைந்தால் உணவு பாதி செரித்தும் பாதி செரியாமலும் கீழிறங்கும். சரக சம்ஹிதை இந்நோய்க்குத் தனி இயலே வகுத்துள்ளது. இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ஆயினும் அறிகுறிகள் நெருங்கியவை.

"நான் சிராவகன், இரவில் உண்பதில்லை, அட்டமி, சதுர்த்தசியில் உபவாசம் இருப்பவன்" என்று அவரிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். "அந்தியில் எவ்வளவு உண்கிறீர்கள்? பாரணையில் என்ன உண்கிறீர்கள்?" என்று கேட்டார். விடை சொல்ல நாணினேன். பள்ளியிலிருந்து ஐந்தரைக்கு வீடு திரும்பி, கதிரவன் மறைவதற்குள் நாள் முழுவதற்குமான பசியை அரை மணி நேரத்தில் தீர்ப்பேன். உபவாசத்தின் மறுநாளோ பொங்கல், வடை, பாயசம்!

அனசனத்தைப் போற்றும் நாம் அதனை அடுத்துள்ள அவமௌதரியத்தைப் பெரிதும் மறந்துவிட்டோம். பட்டினி இருந்தவரைப் பாராட்டுவோம். நான்கு கவளம் குறைத்து உண்டு எழுந்தவரை யார் பாராட்டினார்? ஆடவர்க்கு நிறையுணவு 32 கவளம், மகளிர்க்கு 28. அதனினும் குறைத்து உண்பதே இத்தவம். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமும் வயிற்றில் இரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீர்மத்துக்கும் ஆக்கி, ஒரு பங்கை வெறுமையாக விடச் சொல்கிறது.

அன்றுமுதல் வேளையையும் அளவையும் வரையறுத்தேன். காலையில் கஞ்சி, நண்பகலில் பழைய அரிசிச் சோறும் பாசிப்பருப்பும் புடலை, சுரை போன்ற காய்களும், அந்தியில் இரண்டு இட்டிலி. மொச்சை, பட்டாணி, கொண்டைக்கடலை விலகின. வெண்ணெய் எடுத்து நீர் பெருக்கிய மோரில் வறுத்த சீரகமும் சுக்கும் இட்டுப் பருகினேன். இஞ்சி கந்தமூலமாதலின் நமக்குச் சுக்கே போதும். கிரகணிக்கு மோரை ஆயுர்வேதம் மிகச் சிறப்பித்துக் கூறும். ஐ.பி.எஸ். உடையோர்க்கு இன்றைய உணவியலார் முதலில் விலக்கச் சொல்பவற்றுள் வெங்காயமும் பூண்டும் உண்டு. நம் முன்னோர் அவற்றை வீட்டுக்குள் விட்டதில்லை. இன்று நம் அடுக்களைகள் சிலவற்றில் வெங்காயம் குடியேறிவிட்டது என்றால் தாய்மார்கள் சினம் கொள்ளலாகாது.

இரசபரித்தியாகமும் எனக்கு உதவியது. பால், நெய், இனிப்பு என ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் விட்டு, மீண்டும் சேர்த்துப் பார்த்தேன். எனக்குப் பகை பால்தான், மோர் அன்று. மோரும் ஒவ்வாதவர் உண்டு. அவரவர் உடலே அதற்குச் சான்று. விடியலில் சாமாயிகத்தில் அமைதியாக அமர்ந்த நாள்களில் வயிற்று முறுக்கம் குறைந்ததையும் கண்டேன். ஓராண்டில் அச்சமின்றிப் பேருந்தில் ஏறினேன். நோய் அறவே போகவில்லை; அடங்கியிருக்கிறது.

இனிச் சொல்லப்போவது எளிதன்று. "மாமா, எனக்கும் உங்கள் நோய்தான்" என்றார் என் மைத்துனர். ஆராயாமல் என் மோரையும் கஞ்சியையும் அவருக்குச் சொன்னேன். ஏழு மாதம் பின்பற்றினார். மலத்தில் குருதி கண்டதையும் உடல் மெலிந்ததையும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெருங்குடலில் புற்று என்று பின்னரே தெரிந்தது. அறுவை முடிந்து இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அவர் இசைவுடனேயே இதைச் சொல்கிறேன். குருதி, காரணமற்ற மெலிவு, குருதிச்சோகை, உறக்கத்தைக் கலைக்கும் கழிச்சல், ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; மோர் பிறகு ஆகட்டும்.

இன்று உபவாசம் நோற்போர்க்கு நாளைக் காலைப் பாரணை பாசிப்பருப்புக் கஞ்சியில் தொடங்கும். சமையல் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். வடை நண்பகலுக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.