டீசலில் எடுத்த வரியைத் திருப்பிக் கொடு!

ஒரத்தநாடு வட்டாரத்து விவசாயிகளே, களை பறித்துவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சகோதரிகளே!

விவசாயிக்கு வருமான வரி கிடையாது, கரண்ட் இலவசம், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆனால் ஒரு லிட்டர் டீசலில் மாநில அரசு 11 சதவீதம் வரி எடுக்கிறது. அதற்குமேல் 9 ரூபாய் 62 காசு. டெல்லியின் கலால் வரி தனி. சேறடிக்க டிராக்டர், அறுக்க மெஷின், ஏற்றிப்போக டெம்போ, எல்லாம் டீசலில்தான் ஓடுகிறது. மெஷின்காரர் வாங்கும் மணி வாடகைக்குள் அந்த வரியும் இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் கொடுத்த வரி நம் பேரில் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அரிசி வாங்கப் போனாலும் 25 கிலோ வரை பாக்கெட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. 2022-க்குப் பிறகு கடையில் 26 கிலோ மூட்டை வந்தது அதனால்தான்.

பக்கத்து நாகப்பட்டினத்தில் விசைப்படகுக்கு மாநில வரி இல்லாத டீசல் கொடுக்கிறார்கள். மீனவர்களுக்கு அது உரிமை. ஒரு லிட்டர்கூடக் குறையக் கூடாது. ஆனால் கடலில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு நியாயம், வயலில் ஓடும் எஞ்சினுக்கு இன்னொரு நியாயமா?

சரி, எடுத்த வரிக்கு என்ன செய்தார்கள்? 2025 அக்டோபரை மறந்திருக்க மாட்டீர்கள். குறுவை நன்றாக விளைந்தது. சாதா ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய் என்று விலையும் அறிவித்தார்கள், வரவேற்றோம். எடை போட்டால்தானே விலை? கொள்முதல் நிலைய வாசலில், ரோட்டோரத்தில், நாள்கணக்கில் நெல் கிடந்தது. தார்ப்பாயைத் தூக்கினால் அடி நெல் வெள்ளை வெள்ளையாய் முளை விட்டிருந்தது. உள்ளே கையை விட்டால் சுட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். 22 வரை தளர்த்துங்கள் என்று மாநிலம் டெல்லிக்கு எழுத, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போனது. ஐப்பசி மழையில் நெல் நனையும் என்பதற்கு ஆய்வு வேண்டுமா? ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்த அன்றே அறுப்பு எப்போது வரும் என்று கோட்டைக்குத் தெரியாதா? நான்கு மாதம் இருந்ததே, கொள்முதல் நிலையத்துக்கு ஒரு கூரை, ஒரு உலர்த்தும் இயந்திரம் வைக்க முடியாதா? 2020-ல் இந்த மண்ணைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்களே, அதில் விளைந்ததைப் பாதுகாப்பது யார்?

என்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினால் முதல் பட்ஜெட் விவாதத்திலேயே கேட்பேன்: உழவு, அறுவடை டீசலில் எடுத்த மாநில வரியை ஏக்கர் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். நிதி இல்லை என்பார்கள். இது அரசு தரும் சலுகை இல்லை, எங்களிடம் வாங்கிய பணம்!

இன்னொன்றும் கேட்பேன். அந்தப் பணம் பட்டாவைப் பார்த்துப் போகக் கூடாது. தஞ்சை மண்ணில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் உழுபவர்கள் குத்தகைக்காரர்கள். பட்டா அவர்கள் பேரில் இல்லை; மெஷினுக்கு வாடகை கொடுப்பவர்கள் அவர்கள்தான். அடங்கலில் சாகுபடிதாரர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பெயர் ஏறாதவர்களுக்கு விஏஓ வயலுக்கு வந்து பார்த்து ஏற்றட்டும். குத்தகைக்காரரை விட்டுவிட்டு ஒரு திட்டம் வந்தால், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் எதிர்த்து ஓட்டுப் போடுவேன்.