‘மேப்’பை மறைக்கப் போய் எர்ரரை மறைத்த கதை

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் பாதி பிரவுசர் கன்சோல் பற்றித்தான். அதனால இன்னைக்கு நான் சொதப்பின ஒரு கதை.

துறைமுகப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸுக்கு, கன்டெய்னர் லாரி எங்கே நிற்கிறது என்று காட்டும் பக்கம் ஒன்று செய்துகொண்டிருந்தோம். அதில் ஒரு மேப் லைப்ரரி. மேப்பை லேசா நகர்த்தினாலே கன்சோலில் வரிவரியாகக் கொட்டும். கடுப்பாகி, குரோம் கன்சோலின் ஃபில்டர் பெட்டியில் மைனஸ் குறி போட்டு, ஒட்டியே ‘மேப்’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். மைனஸ் போட்டால் அந்தச் சொல் உள்ள வரியெல்லாம் மறைஞ்சிடும். அப்பாடா, அமைதி!

மறுநாள் லாரிப் பட்டியல் காலி. கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. “அப்போ தப்பு உன் ஏபிஐ-லதான்”னு கூட வேலை பார்க்கும் தம்பிகிட்ட சொல்லிட்டேன். அதுவும் கஸ்டமர் இருக்கும் காலில். பாவம், அவன் ராத்திரி வரைக்கும் சர்வர் லாகைத் தோண்டினான்.

கடைசியில் என் ஸ்கிரீனைப் பார்த்து அவன்தான் கேட்டான்: “அண்ணே, மேல ஏதோ ‘ஹிடன்’னு எண்ணிக்கை காட்டுதே, அது என்ன?”

ஃபில்டரை எடுத்தேன். சிவப்பா நிக்குது: ‘கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் அன்டிஃபைன்ட், ரீடிங் மேப்’. ஜாவாஸ்கிரிப்ட்டில் பட்டியலைச் சுற்றிவரும் ஃபங்ஷன் பெயரும் ‘மேப்’தானே! ஃபீல்டு பெயரை நான்தான் தப்பா எழுதியிருந்தேன். ரீஃப்ரெஷ் செய்தாலும் ஃபில்டர் போகாது என்பதும் அன்னைக்குத்தான் உறைச்சுது.

இப்போ என்ன செய்றேன்? தொல்லை தரும் வரியில் ரைட் கிளிக் செய்தால், அந்த ஃபைலிலிருந்து வரும் மெசேஜை மட்டும் மறைக்கச் சொல்லலாம். ஃபில்டர் பெட்டியில் மைனஸ், யூஆர்எல், கோலன், ஃபைலின் முகவரி என்று தானாகவே விழும். சொல்லை வைத்து மறைக்காமல், வரும் இடத்தை வைத்து மறைக்கிறோம். என்னோட சொந்தப் புலம்பலையெல்லாம் கன்சோல்-டாட்-லாகில் போடாமல் கன்சோல்-டாட்-டீபக்கில் போடுறேன். அது ‘வெர்போஸ்’ லெவல். நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் தெரியும்.

லெவல்னதும் நம்ம ஊர் முத்து ஞாபகம் வருது. 1961-ல் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் காலத்தில் முத்தைத் தரம் பிரிக்கப் பத்து பித்தளைச் சல்லடை, பெயர் ‘பெட்டி’. 20 துளை உள்ளதில் ஆரம்பித்து 1000 துளை வரை. 20-இல் தங்குவது பெரிய முத்து. விழுந்தது அடுத்ததுக்குப் போகும். எதுவும் காணாமல் போகாது. என் மைனஸ் ஃபில்டரோ பெரிய முத்தையே கடலில் போட்டுடுச்சு.

அடுத்த காலில், அதே கஸ்டமர் முன்னாடி, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். தம்பி மைக்கை மியூட்லயே வச்சிருந்தான்.