ஓய்வும் ஓர் அறமே

மாணவ நேயர்களே, தேர்வு முடிந்த மாலையில் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு, எங்கேனும் ஒரு மலைச்சாரலுக்கோ ஆற்றங்கரைக்கோ சென்றுவிட வேண்டும் என்று ஏங்காதவர் உங்களுள் உண்டோ? அவ்வேக்கம் எழும்போதே, ‘இது சோம்பல் அன்றோ?’ என்று மனச்சான்று குத்துவதும் உண்டு. கிறித்தவ மறை இதற்கு என்ன விடை தருகிறது என்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இறைவாக்கினராகிய எலியா, அரசியின் சினத்துக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடினார். ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வரவேண்டும் என்று வேண்டினார். இறைவன் அவருக்கு உடனே அறிவுரை கூறவில்லை, உறங்க விட்டார். தூதன் வாயிலாக அப்பமும் நீரும் அளித்து, மீண்டும் உறங்க விட்டார். கடமையைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே எழுந்தது.

இயேசு பெருமானும் அவ்வாறே செய்தார். ஊர்தோறும் பணியாற்றித் திரும்பிய சீடர்களுக்கு உண்ணவும் நேரமில்லாமை கண்டு, அவர்களை ஆளரவமற்ற ஓரிடத்துக்கு இளைப்பாற அழைத்துச் சென்றார் என்கிறது மாற்கு எழுதிய நற்செய்தி. வானத்துப் பறவைகளையும் காட்டு மலர்களையும் காட்டிக் கவலை தீர்க்கக் கற்பித்தவரும் அவரே.

இவ்வழியை நம் நாட்டிலும் சிலர் நாடினர். மதுரைப் பகுதியில் தொண்டாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள், சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் நலிந்தனர், சிலர் மடிந்தனர். எனவே 1845ஆம் ஆண்டு, பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இரண்டு இல்லங்களை எழுப்பினர். கோடைக்கானல் நகரம் தொடங்கியது அவ்வாறே. சோலைக்காட்டின் குளிர்ச்சியில் உடல் தேறியவர்கள் மீண்டும் பணிக்கு இறங்கினர்.

ஆயின், அந்நாளில் அம்மலைக்கு வண்டிப்பாதை இல்லை. ஓய்வு நாடிச் சென்றோர் பலரை டோலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறியவர்கள் நம்மூர்க் கூலியாட்கள். சுமந்தவனுக்கு ஓய்வு எங்கே?

இக்கேள்வியை மறைநூல் மறக்கவில்லை. ஓய்வுநாட் கட்டளை வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும், அயலானும், எருதும் கழுதையுங்கூட அன்று இளைப்பாற வேண்டும் என்கிறது உபாகமம். ஏழாம் ஆண்டில் நிலத்தையும் உழாது விடுமாறு பணிக்கிறது லேவியராகமம். ஓய்வு என்பது வசதியுடையார் விலைகொடுத்து வாங்கும் பொருளன்று. உழைக்கும் உயிர் ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கு.

ஆகவே, நண்பர்களே, விடுமுறையில் மலைக்குச் செல்ல வாய்த்தால் மகிழ்ந்து செல்லுங்கள். வாய்க்காவிடின், ஊர்ப்புறத்து ஏரிக்கரை ஆலமரத்து நிழலும் அமையும். மனம் கூசவேண்டுவதில்லை. ஆனால், புறப்படுமுன் ஒருமுறை அடுக்களையை எட்டிப் பாருங்கள். ஆண்டு முழுதும் உங்களுக்குச் சோறு வடித்த அன்னைக்கு விடுமுறை என்று வந்தது? அவர் கைக் கரண்டியை ஒருநாளேனும் நீங்கள் வாங்கிக்கொண்டால், உங்கள் ஓய்வும் நிறைவு பெறும்.