கித்தாப்பால் தாங்கும் மாடிவீடு



உலு திராம் வட்டாரத்தில் பால் வெட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் மரமாய் ஓடி வாளி நிறைத்தவர்கள் அவர்கள். அந்தக் கித்தா எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் டயர் என்பார்கள், கையுறை என்பார்கள். கித்தா ஒரு மாடிக் கட்டடத்தையே தாங்கி நிற்கிறது என்றால் நம்புவார்களா?

லண்டனில் செயிண்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே, 1966ஆம் ஆண்டில் அல்பனி கோர்ட் என்ற அடுக்குமாடி வீடு எழும்பியது. கீழே ரயில் ஓட ஓட, அதிர்வு மண் வழியாகத் தூண்களில் ஏறும். சுவர் உறுமும், தூக்கம் கெடும். இதைத் தடுக்க, அடித்தளத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ரப்பர் தாங்கிகளை வைத்தார்கள்.

வெறும் ரப்பர் கட்டி பாரம் ஏறினால் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். அதனால் ரப்பர் தகடு, இரும்புத் தகடு என்று மாற்றி மாற்றி அடுக்கி, சூடேற்றி ஒன்றாக ஒட்டவைக்கிறார்கள். இரும்பு பிதுங்க விடாது. ரப்பர் அதிர்வை ஏற விடாது.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ரப்பர் வளையத்தில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக ஏற்றி இறக்கினால் பூட்டும் கூடவே வரும். வேகமாக ஆட்டினால் கை மட்டும்தான் ஆடும். பூட்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ரயில் அதிர்வு அந்த வேகமான கை, வீடுதான் அந்தப் பூட்டு.

இந்தத் தாங்கிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மலேசியக் கித்தாவின் மீது வசூலித்த தீர்வைப் பணத்தில் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடம் நடந்தது. இன்று அது துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிலநடுக்கத்தைத் தாங்க 1985இல் கட்டிய நீதிமன்றக் கட்டடத்திலும் அதன் உழைப்பு இருக்கிறது. 2014இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலமும் இயற்கை ரப்பர் தாங்கிகளின்மேல்தான் நிற்கிறது. ஆக, நம் தாத்தா பாட்டி வெட்டிய பால் டயரோடு முடிந்துவிடவில்லை. அதில் ஒரு பங்கு அறிவாகவும் மாறியது.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்தத் தாங்கியைக் கட்டும்போதே வைக்க வேண்டும். குடியேறிய பிறகு வைப்பது மிகக் கடினம், செலவும் அதிகம். வைத்தாலும் குழாய், படிக்கட்டு, சிதறிய சிமெண்டு என்று ஏதாவது ஒன்று தரையையும் கட்டடத்தையும் இறுக்கமாக இணைத்துவிட்டால், அதன் வழியே அதிர்வு ஏறிவிடும்.

கோலாலம்பூரில் சுரங்க ரயில் ஓடுகிறது. ஜொகூர் பாருவில் புக்கிட் சாகரிலிருந்து சிங்கப்பூருக்கு ஆர்.டி.எஸ். பாதை அமைந்திருக்கிறது, நம் பக்கம் அது மேம்பாலத்தில் செல்கிறது. தண்டவாளம் வரும் இடத்தில் அடுக்குமாடிகளும் வரும். அங்கே வீடு வாங்கப் போகிறவர்கள் தரைக்கல்லின் நிறத்தைக் கேட்பதற்கு முன், அதிர்வைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறியாளர்களாக நம் பிள்ளைகளும் வர வேண்டும். பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த உரிமை நிறையவே உண்டு.