ஆப்ல மூணு அடி பனி, பார்க்கிங்ல மழை

இன்னிக்கு ஒரு சொந்தப் புலம்பலோட ஆரம்பிக்கிறேன்.

ஆப்ல 90 சென்டிமீட்டர் பனின்னு போட்டிருந்துச்சு. அதை நம்பி ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சான் ஹோசேல இருந்து நாலு பேர் கிளம்பினோம். காலையில பாலிசேட்ஸ் டாஹோ பார்க்கிங்ல இறங்கினா, ஐப்பசி அடைமழை மாதிரி கொட்டுது. வாடகை ஸ்கீயைக் கையில வெச்சுக்கிட்டு நனைஞ்சு நின்னோம். கடுப்பு என்னன்னா, ஆப் சொன்னது பொய் இல்ல. மலை உச்சியில நிஜமாவே பனிதான் பெஞ்சுது. காத்து அதிகம்னு மேல போற லிஃப்டை மூடிட்டாங்க, அவ்வளவுதான்.

டாஹோவுக்குப் பெரிய புயல்கள் பசிபிக் கடல்ல இருந்து வருது. சில சமயம் ஹவாய் பக்கத்துல இருந்தே ஈரக்காத்து நீளமான பட்டையா வந்து கலிஃபோர்னியாவுல மோதும். அட்மாஸ்ஃபெரிக் ரிவர், அதாவது வானத்துல ஓடுற ஆறு. அது சியரா நெவாடா மலையில ஏறும்போது குளிர்ந்து, தூக்கிட்டு வந்த ஈரத்தை எல்லாம் கொட்டிடும். மொத்தம் எவ்வளவு தண்ணின்னு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஓரளவு சொல்லிடுறாங்க. அது எந்த உயரத்துல பனி, எந்த உயரத்துல மழைங்கிறதுலதான் சிக்கல்.

அந்த எல்லைக்குப் பேரு ஸ்னோ லெவல். மேல பனியா கிளம்புறது, கீழ வர வர உருகி மழையாகுது. தோராயமா 1,000 மீட்டர் இறங்கினா ஆறரை டிகிரி சூடு கூடும். அப்போ கணிப்புல ஒரே ஒரு டிகிரி தப்பினாலும் ஸ்னோ லெவல் 150 மீட்டர் நகர்ந்துடும். ரெண்டு டிகிரின்னா 300. பாலிசேட்ஸ் அடிவாரம் சுமார் 1,900 மீட்டர், உச்சி 2,700 வாக்குல. ரெண்டு டிகிரி வித்தியாசம் சென்னையில யாருக்கும் தெரியாது. அங்க அது உங்க முழு வீக்கெண்ட்.

மாடல் பாவம், அதுக்கு மலையே சரியாத் தெரியாது. ஐரோப்பிய மையத்தோட மாடல் உலகத்தை சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாப் பிரிக்குது. ஒரே கட்டத்துக்குள்ள உச்சி, அடிவாரம், பக்கத்துப் பள்ளத்தாக்கு எல்லாம் அடங்கிடும். அதனால தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி, 50 தடவைக்கு மேல ஓட்டிப் பார்ப்பாங்க. விடைகள் 20 சென்டிமீட்டர்ல இருந்து 110 வரை சிதறிக் கிடக்கலாம். நம்ம ஆப் பெரும்பாலும் அதையெல்லாம் நசுக்கி ஒரே ஒரு நம்பரா காட்டும். சராசரியை மட்டும் காட்டுற டாஷ்போர்டை நம்பி ஏமாந்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

இது வெறும் ஜாலி மேட்டர் இல்ல. புயல் குளிரா ஆரம்பிச்சு சூடா முடிஞ்சா, லேசான பனி மேல கனமான ஈரப் பனி உக்காந்துக்கும். அடியில இருக்கிறது தாங்கலன்னா பனிச்சரிவு. 2024 ஜனவரி 10, புயல் அடிச்ச அன்னிக்கு, அதே பாலிசேட்ஸ்ல ரிசார்ட் எல்லைக்குள்ளேயே பனிச்சரிவு வந்து ஒருத்தர் இறந்துட்டார். அதனால சியரா அவலாஞ்ச் சென்டரோட அன்னாட அறிக்கையைப் படிக்காம நான் இப்போ போறதே இல்ல.

இன்னொண்ணு, அமெரிக்க வானிலை சேவையோட ரீனோ அலுவலகம் தினமும் போடுற ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன். படம் கிடையாது, வெறும் எழுத்து. ஆனா எதுல நம்பிக்கை இருக்கு, எது சொதப்பலாம்னு கணிக்கிற ஆளே உக்காந்து எழுதுறார். பில்டு பச்சையா இருந்தாலும் லாக் திறந்து பார்ப்போம்ல, அது மாதிரி.

போன தடவை அதுல ஸ்னோ லெவல் பத்தி உறுதியா சொல்ல முடியலன்னு இருந்துச்சு. ட்ரிப்பைக் கேன்சல் பண்ணிட்டு சன்னிவேல்ல பிரியாணி சாப்பிட்டோம். அங்க அடிவாரம் வரைக்கும் அருமையான பனி. போன பசங்க நாள் முழுக்க போட்டோவா அனுப்பித் தள்ளினாங்க. நான் க்ரூப்பை மியூட்ல போட்டேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.